எண்ணெய் வைத்த பாறை

அந்தப் படத்தை மகள் குசினி மேசையில் வைத்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதல் பனி பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு மதியம்.

“கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ அப்பா.”

நான் தொடாமலே குனிந்து பார்த்தேன். கறுத்த பாறை. அதில் சற்றே வெளிறிய கோடுகளாக ஒரு மனிதன். உயர்த்திய வலது கையில் ஒரு தடி. காலடியில் வால் சுருண்ட நாய். நாயின் முதுகை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. மனிதனின் நெஞ்சில் தொடங்கிப் பாதம் வரைக்கும் வழிந்து காய்ந்த ஒரு கறை.

எனக்கு அந்த வெடிப்பைத் தெரியும். அதில் நான் ஊதுபத்தி செருகியிருக்கிறேன்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தாள். வாரத்தில் இரண்டு நாள் அங்கே நிலவறையில் ஒரு வேலை. யாரோ ஓய்வுபெற்ற புவியியலாளர் அரேபிய மலைகளில் எடுத்த, சின்ன மட்டைகளில் பொருத்திய சிலைட்டுப் படங்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே இந்தக் கறையைக் கவனித்தவள் இவள்தான்.

“ப்ரொஃப் சொல்லுறார், அந்தக் காலத்துச் சனம் கும்பிட்டு எண்ணெயோ கொழுப்போ ஊத்தியிருக்கலாமாம். இது வரைக்கும் அந்தப் பக்கத்தில ஆரும் அப்பிடி ஒண்டு கண்டதில்லையாம். தையில ஓமானுக்கு ஒரு குழு போகுது. இது நான் கண்டுபிடிச்சது எண்டபடியா, நான்தான் வந்து அந்தக் கறையைச் சுரண்டி எடுக்க வேணுமாம். ஐஞ்சு கிழமை.”

“ஓமானோ?” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. “உன்ர அப்பா அங்கதானே ரெண்டு வருசம் றோட்டுப் போட்டவர்.”

“தெரியும். அப்பா, நீங்கள் இந்த மலைப்பக்கம் போனனீங்களோ?”

“மலை எல்லாப் பக்கமும்தான் இருந்தது,” என்றேன். வெங்காயம் உரிக்கிறவனின் கண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை.

அவள் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போனாள்.

இருபது வருடங்களுக்கு முன்பு ஓமானின் வடக்கு மலைகளில் ஒரு தெருப் போடும் கொம்பனியில் நான் நில அளவை உதவியாளனாக இருந்தேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவன் என்பதால் அளவுகோல் பிடிக்கவும் அளவுகளை எழுதவும் என்னை எடுத்தார்கள். காய்ந்த ஆறு ஒன்றின் கரையில் எங்கள் முகாம். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை. மழை பெய்தால் அரை மணி நேரம் அந்த ஆறு ஓடும். பிறகு பழையபடி உருண்டைக் கற்கள் மட்டும். அந்தப் பள்ளத்தாக்கில் பேசினால் எதிர்மலை நம் குரலைத் திருப்பித் தரும். ஆனால் கொஞ்சம் பிந்தித் தரும். பேசி முடித்து, தண்ணீர் குடித்து, போத்தலை மூடும்போது வரும். யாரோ யோசித்துவிட்டுச் சொல்வது போல.

ஒருநாள் மட்டம் குறிப்பதற்காக ஒரு பாறையில் அளவுகோலைச் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது அந்த மனிதன் என் முகத்துக்கு நேரே நின்றான். அவனைச் சுற்றி ஒட்டகங்கள், கொம்பு பின்னால் வளைந்த மலையாடுகள், குதிரை மேல் ஆட்கள். எல்லாம் கல்லால் கல்லைக் கொத்திக் கொத்திப் புள்ளி புள்ளியாக வரைந்தவை. அவன் வேட்டைக்காரன் என்று இன்று என் மகள் சொல்கிறாள். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. கையில் தடி, காலடியில் நாய். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அது வைரவர். எங்கள் பக்கத்தில் வைரவருக்குக் கோபுரம் தேவையில்லை. ஒரு சூலம், ஒரு கல், ஒரு மரநிழல் போதும். நாய் அவருடைய வாகனம். தடியின் நுனியில் இரண்டு கீறல் கூடுதலாக இருந்தது. அதைச் சூலம் என்று எடுத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் பிடிக்கவில்லை.

எங்கள் என்றால் நாங்கள் மூன்று யாழ்ப்பாணத்துப் பொடியன்களும், முகாமில் சமைத்த மட்டக்களப்பு அண்ணையும். முகாம் அறைகளுக்குள் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு கற்பூரம்கூடக் கொளுத்த முடியாமல் இருந்த எங்களுக்கு அந்தப் பாறை கோயிலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வெயில் ஏற முதல் நடந்து போவோம். நல்லெண்ணெய் ஊற்றி, விபூதி பூசி, வடைமாலை சாத்துவோம். வடை சுட்டுத் தந்தவர் கிறிஸ்தவரான அண்ணைதான்.

“நான் வேதக்காரன் தம்பி,” என்பார். “ஆனா வடைக்கு வேதம் இல்ல. கொண்டு போங்க.”

சில வெள்ளிகளில் அவரும் கூட வந்து, கைகட்டித் தள்ளி நின்று, மிச்ச வடையைத் தின்பார்.

அடுத்த வெள்ளி நாங்கள் போகும்போது வடைகள் இராது. நரி தின்றிருக்கும், ஆடு தின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். ஒருமுறை நான் வடை கோத்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அது அறுபடவில்லை. நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து, நூல் நேராக, பாறையின் அடியில் கிடந்தது. நான் அதை மற்றவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் வரமாட்டார்கள், நான் தனியே வரவேண்டி இருக்கும் என்று பயந்தேன்.

தனியே வரவேண்டிய காரணமும் எனக்குத்தான் இருந்தது. மனைவி ஊரில் நிறைமாதம். அங்கே குண்டு விழுகிறது என்று வானொலி சொன்னது. மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு முகாம் பூட்டிக் கிடந்த நாட்களில், அந்த வெள்ளிக்கிழமை விடிய, நான் மட்டும் போனேன். பாறையில் நெற்றியை வைத்து நேர்த்தி வைத்தேன். பிள்ளை சுகமாகப் பிறந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் நிறுத்துவேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். சற்றுத் தூரம் போன பிறகு எதிர்மலை அதை எனக்குச் சொன்னது.

மூன்று கிழமை கழித்துத் தந்தி வந்தது. பெண் பிள்ளை. இருவரும் சுகம். அடுத்த வருடம் நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். பிறகு அகதி வழக்கு, பெட்டித் தொழிற்சாலையில் வேலை, பிரெஞ்சு வகுப்பு, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடும் அலுவல். அந்த நேர்த்தி என் மனதைவிட்டுப் போனது. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தெருப் போட்ட இடத்துப் பாறைதானே, வெடிவைத்து உடைத்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இப்போது அது என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நின்றது.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் காலை வேலைக்குப் போய் மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. சப்பாத்தைக் கழற்றும்போதே, குசினியில் ஓர் ஆள் நிற்கிறார் என்ற எண்ணம் வரும். உள்ளே போனால் படம். சூடேற்றும் குழாய்கள் டக் டக்கென்று அடிக்கும். வெயிலில் காய்ந்த கல்லில் எண்ணெய் பட்டால் ஒரு மணம் வரும். சமையல் எண்ணெயின் மணம் அல்ல, அது வேறு. மொன்றியல் மார்கழியில் மூன்றாம் மாடியில் அந்த மணம் எனக்கு வந்தது. நான் படத்தைத் திருப்பி, முகம் உள்ளே இருக்கும்படி ஒட்டுவேன். மனைவி வந்து நேராக்குவாள்.

“ஏன் உதைத் திருப்பித் திருப்பி வைக்கிறியள்?”

“வெளிச்சம் பட்டு மங்கிப்போகும்.”

“உங்களுக்குப் பிள்ளை மூலை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனாலே நெஞ்சு இடிக்கும். இப்ப ஓமானுக்குப் போகுது எண்டதும் படத்தோட கோவம்.”

அவள் சொன்னதில் பாதி உண்மை. நான் மகளிடம் வெயில், பாம்பு, தெருவிபத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான். அந்தக் கறை பழங்காலத்துச் சனம் ஊற்றியதல்ல, உன் அப்பன் ஊற்றியது என்று சொன்னால், அவள் பயணத்துக்குக் காரணமே இல்லாமல் போகும். அவள் போகமாட்டாள். ஆனால் அதே நிமிடம் அவள் பேராசிரியர் முன்னால் தலைகுனிய வேண்டிவரும். சொல்ல நினைத்த ஒவ்வொரு முறையும், நேர்மைக்காகச் சொல்கிறேனா, அவளை அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பப் பயந்து சொல்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை.

பயம் வைரவரிடம் அல்ல. வைரவர் என்றால் எனக்குப் பழக்கம். பிந்தினாலும் ஒரு வடைமாலையும் மன்னிப்பும் அவருக்குப் போதும். ஆனால் மகள் படித்துக் காட்டினாள்: இந்த உருவங்கள் ஆயிரக்கணக்கான வருடம் பழையவை, வரைந்தவர்கள் யார், எதற்கு வரைந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. அது வைரவர் இல்லையென்றால், நான் யாருக்கு வாக்குக் கொடுத்தேன்?

பயணத்துக்கு ஒரு கிழமை முன்பு, சனிக்கிழமை காலை, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் பயணத்துக்கு என்று பருத்திச் சட்டைகளைத் தனியே அடுக்கினாள். அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். பாறை, எதிரொலி, வெள்ளிக்கிழமை, நல்லெண்ணெய், வடை எல்லாம் சொன்னேன். நேர்த்தியை மட்டும் சொல்லவில்லை.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எத்தினை மாசம் ஊத்தினீங்கள்?”

“ஒரு ஏழெட்டு மாசம்.”

“நீங்கள் போக முதல் பாறை எப்பிடி இருந்தது?”

“வெறும் பாறை. காய்ஞ்ச பாறை.”

“இல்லை அப்பா.” அவள் குரல் சாதாரணமாக இருந்தது. “அந்த சிலைட்டின்ர மட்டையில கையால வருசம் எழுதியிருக்கு. நீங்கள் அங்க போறதுக்குப் பதின்மூண்டு வருசத்துக்கு முந்தி எடுத்த படம் அது. கறை அப்பவே இருக்கு.”

உலர்த்தும் இயந்திரம் சுற்றி ஓய்ந்தது.

“அப்ப உங்கட எண்ணெய் அதுக்கு மேல போயிருக்கு,” என்றாள். “ப்ரொஃபுக்குச் சொல்ல வேணும். சிரிப்பார். ஆனா எனக்குப் போக இன்னும் கூடக் காரணம் இருக்கு. மெர்சி அப்பா,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

அடுத்த நாளே நகரின் மறுகோடியில் இருக்கும் செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். மட்டக்களப்பு அண்ணை இப்போது அங்கே தன் மகன் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வருத்தம், சமையலை விட்டுவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்மசுக்குத் தொலைபேசியில் கதைப்போம். நான் நேரில் வந்தது அவருக்கு ஆச்சரியம்.

“ஆரும் செத்துப்போனாங்களா தம்பி?”

“இல்லை அண்ணை. அந்தப் பாறை ஞாபகம் இருக்கோ?”

“உங்கட வைரவரா? என்ர வடையெல்லாம் திண்டவர். மறக்கிறதா.”

“நாங்கள் முதல் நாள் போகேக்க அது எப்பிடி இருந்தது?”

அவர் யோசிக்கவே இல்லை. “ஈரமா இருந்திச்சி.”

“மழையோ?”

“மழை எங்க பெஞ்சது? எண்ணெய். நீதானே விரலால தொட்டு மணந்து பார்த்திற்று, ‘அண்ணை, எங்கட ஆக்கள் ஆரோ முந்தியே வந்திருக்கினம்’ எண்டு சொன்ன. மறுகா அதாலதானே உங்களுக்கு அது வைரவர் எண்டு நிச்சயமாப் போச்சு.”

“நானோ சொன்னன்?”

“நீதான். ஏன், மறந்திற்றியா?”

அந்த முகாமுக்கு நாற்பது கிலோமீற்றருக்குள் வேறு குடியிருப்பு இல்லை. எங்களுக்கு முன்பு அங்கே எங்கள் ஆட்கள் யாரும் வேலை செய்யவில்லை. நாங்கள்தான் முதல் குழு. விரலால் தொட்டதும் மணந்ததும் எனக்கு ஞாபகம் இல்லை. பாறை காய்ந்து இருந்ததுதான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, வெயிலில் அதன் சூடு உட்பட. அண்ணை பொய் சொல்கிறவர் அல்ல. அவருக்கு அந்தக் கல்லில் நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. தேநீர் தந்து, பேரப்பிள்ளையின் கூத்துகளைச் சொல்லி, வாசல் வரைக்கும் நொண்டிக்கொண்டு வந்தார்.

மகள் போனாள். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை.

ஐந்து கிழமையும் வேலைத்தலத்தில் பெட்டிகளின் ஓரத்தைப் பிழையாக ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பட்டணத்துக்கு வரும்போது அழைப்பாள். சாப்பாடு நல்லது, மூக்குத் தோல் உரிந்துவிட்டது, ஒட்டகம் கூடாரத்துக்குள் தலை விட்டது என்று தாயிடம் சொல்லிச் சிரிப்பாள். என்னிடம் ஒருமுறைதான் பாறையைப் பற்றிச் சொன்னாள். “கண்டுபிடிச்சிட்டம் அப்பா. றோட்டு மற்றப் பக்கத்தால போயிருக்கு. உடைக்கேல்லை.” “தொப்பி போடு,” என்றேன்.

மாசி நடுவில் சுகமாகத் திரும்பி வந்தாள். கறுத்து, மெலிந்து, நல்ல சந்தோசமாக. வந்த மறுநாள் மத்தியானம் படங்களைக் கணினியில் காட்டினாள். கறை ஏறக்குறைய இல்லை. இருபது வருட வெயிலும் வெள்ளமும் கொண்டு போயிருக்கலாம் என்றாள். வெடிப்புக்குள் கொஞ்சம் மிச்சம் இருந்ததைச் சுரண்டி எடுத்து ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

“இப்ப இதைப் பாருங்கோ. கறை போனபடியாத்தான் இது தெரியுது.”

பெரிய மனிதனின் இடது பக்கத்தில், அவன் இடுப்பு உயரத்துக்கு, ஒரு சின்ன உருவம். இரண்டு கோட்டுக் கால், பாவாடை போல விரிந்த உடம்பு. தலைக்குப் பின்னால் ஒரு கற்றை. பெரியவனின் வெறும் கை கீழே நீண்டு அதன் கையைப் பிடித்திருந்தது.

“பிள்ளை ஒண்டு,” என்றாள் மகள். “அனேகமாப் பெம்பிளைப் பிள்ளை. ப்ரொஃப் துள்ளிக் குதிச்சவர்.”

“இது ஆரோ பேந்து வெட்டினது.”

“இல்லை அப்பா. புதுசா வெட்டினா வெள்ளையா இருக்கும். வெட்டின இடம் திரும்பக் கறுக்க ஆயிரக்கணக்கான வருசம் வேணும். இது பெரிய ஆளின்ர அளவுக்கே கறுத்துக் கிடக்கு. ரெண்டும் ஒரே காலம்.”

ஏழெட்டு மாதம், வெள்ளிக்கு வெள்ளி, ஒரு சாண் தூரத்தில் கற்பூரம் காட்டிய இடம் அது. என் கையால் எண்ணெயும் விபூதியும் தேய்த்த இடம். அங்கே பிள்ளை இருக்கவில்லை. அவன் இடது கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பாறை காய்ந்திருந்தது என்றும் இதே உறுதியோடுதான் சொல்லியிருந்தேன். அதனால் இதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. பதிலாக, இருபது வருடம் சொல்லாததைச் சொன்னேன். நோன்புப் பெருநாள் வெள்ளி, நேர்த்தி, உன்னைக் கொண்டு வந்து நிறுத்துவேன் என்ற வாக்கு. மனைவியும் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

மகள் சிரிக்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த வருடத்து நோன்புப் பெருநாள் எந்தத் தேதி என்று தேடினாள். பிறகு ஒரு பழைய நாட்காட்டியைத் திறந்தாள்.

“அம்மா, நான் செவ்வாய்க்கிழமையோ பிறந்தனான்?”

“ஓம். செவ்வாய் விடியப்புறம். வெளியில ஷெல் விழுந்துகொண்டிருந்தது.”

“அப்ப பாருங்கோ அப்பா. பெருநாள் வெள்ளிக்கு முதல் வந்த செவ்வாய் அது. நீங்கள் போய்க் கேக்கேக்க நான் பிறந்து மூண்டு நாள். தந்தி வராதபடியா உங்களுக்குத் தெரியேல்லை. நீங்கள் கேட்டு அவர் தரேல்லை. அதால நீங்கள் அவருக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. முடிஞ்சுது.”

மனைவி நெடுமூச்சு விட்டாள். “இதுக்கோ இவ்வளவு நாளும் மனுசன் பேயடிச்ச மாதிரித் திரிஞ்சது,” என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

நாள்களைப் பொறுத்தவரை மகள் சொன்னது சரி. அதில் எனக்கு மறுப்பில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஊற்றுவதற்கு முன்பே எண்ணெய் அங்கே இருந்திருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே பிள்ளை பிறந்திருக்கிறது. அந்த விடியலில் நான் நெற்றியை வைத்து அழுதபோது, அந்தக் கல் எதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

“நீ அங்க நிண்டனியோ?” என்று கேட்டேன். “அதுக்கு முன்னால, தனிய?”

“ஒருக்கா. மற்ற ஆக்கள் சாப்பிடப் போயிட்டினம். நான் அளவு எடுக்க நிண்டனான்.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “என்ர அளவுகளைச் சத்தமா வாசிச்சுக்கொண்டு எழுதினன். மலை திருப்பிச் சொல்லுது எண்டு நீங்கள் சொன்னீங்கள்தானே. அங்க எதிரொலி இல்லை அப்பா. ஒண்டுமே வரேல்லை. நல்ல அமைதியான இடம்.”

பிறகு, அடுத்த தையிலும் குழு போகிறது, தன் பெயரைக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

போக வேண்டாம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் தோல் உரிந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் என்னை விட்டுத் திரும்பி, படத்தில் அந்தச் சின்ன உருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழு போகும் வாகனத்தில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டேன்.